வரைந்து முடித்த பக்கம் காத்திருக்க வேண்டும்

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்): கடிகாரம் பழுதுபார்க்கும் ஒரு பெண்ணைப் பற்றிய நீண்ட சித்திரக்கதையை 22 மாதங்களாக இணையத்தில் தனியாக வரைந்து வெளியிட்டு வருகிறேன். முதல் 14 மாதங்கள் செவ்வாய், வெள்ளி என வாரத்துக்கு இரண்டு பக்கங்கள் தவறாமல் வந்தன. 120 பக்கங்கள் ஆயின. வேலைக்குச் சேர்ந்த பிறகு, கடந்த எட்டு மாதங்களில் 31 பக்கங்கள்தான் முடிந்திருக்கின்றன. ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 15 மணி நேரம் ஆகிறது. வாரத்தில் 14 மணி நேரம்தான் எனக்குக் கிடைக்கிறது. அவசரத்தில் வரைந்த பக்கங்களைப் பார்த்த வாசகர் ஒருவர், "முன்பு போல் இல்லை" என்று எழுதினார். அதன் பிறகு நாள் பார்க்காமல் ஐந்து வாரம் எடுத்துக்கொண்டு ஒரு பக்கத்தை வரைந்தேன். முடித்த இரவிலேயே ஏற்றினேன். அதற்கும் வரவேற்பு இல்லை. இனி அட்டவணையே வேண்டாம், பக்கம் நன்றாக வரும்போது வெளியிட்டால் போதும் என்று தோன்றுகிறது. நாள் தவறினால் வாசகர்கள் போய்விடுவார்கள் என்கிறாள் தோழி. எது சரி?

அன்புள்ள வாசகருக்கு,

கடிதத்துடன் நீங்கள் அனுப்பியிருந்த பக்கங்களை, முதல் அத்தியாயத்தையும் கடைசி 31 பக்கங்களையும் அருகருகே வைத்து, இரண்டு மாலைப் பொழுதுகள் படித்த பிறகே இதை எழுதுகிறேன். எந்த அறிவுரைக்கும் முன்னால், நான் கண்ட ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உங்கள் கதாநாயகியின் கைகள் காணாமல் போய்விட்டன.

முதல் அத்தியாயத்தின் ஒன்பதாம் பக்கத்தில் அவள் ஒரு சட்டைப்பைக் கடிகாரத்தின் பின்மூடியைத் திறக்கிறாள். நான்கு கட்டங்கள்; ஒரு பலூன்கூட, அதாவது வசனக் குமிழிகூட, இல்லை. சாமணத்தின் நுனியில் ஒரு சிறு பற்சக்கரம் தொங்குகிறது. அதைத் தாங்கும் இடது கையின் கட்டைவிரல் நகத்தில் எண்ணெய்க் கறை இருக்கிறது. கடைசிக் கட்டத்தில் விரல் லேசாக விலகியிருப்பதிலிருந்தே சக்கரம் தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டது என்று நமக்குப் புரிகிறது. அந்தப் பக்கத்துக்காகவே இந்தக் கதையைத் தொடர்ந்து படித்தவர்கள் பலர் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். 131ஆம் பக்கத்திலிருந்து 145ஆம் பக்கம் வரை அதே பெண்ணின் கைகள் கோட்டுப் பையில் இருக்கின்றன, மேசைக்கு அடியில் இருக்கின்றன, பலூனுக்குப் பின்னால் மறைந்திருக்கின்றன, அல்லது கட்டம் தோளோடு முடிந்துவிடுகிறது. ஒரு முழுக் கடிகாரத்தை அவள் பழுதுபார்த்த செய்தியே "சரிசெய்துவிட்டேன்" என்ற ஒரு பலூனாக வந்து போகிறது. முகமும் பெரும்பாலான கட்டங்களில் இடப்பக்கம் திரும்பிய அதே முக்கால் கோணத்தில் நிற்கிறது. உங்களுக்கு எழுதிய வாசகரால் இதைப் பெயர் சொல்லிச் சுட்ட முடிந்திருக்காது. ஆனால் அவர் உணர்ந்தது இதைத்தான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நேரம் நெருக்கும்போது எல்லா ஓவியர்களும் முதலில் கைவிடுவது கைகளைத்தான், ஏனெனில் வரைவதற்கு மிகக் கடினமானவையும் மறைப்பதற்கு மிக எளியவையும் அவையே.

ஐந்து வாரம் எடுத்து வரைந்த 146ஆம் பக்கத்துக்கு வருகிறேன். உங்கள் கணக்கின்படி அதில் ஏறக்குறைய 70 மணி நேர உழைப்பு இருக்கிறது. அது கண்ணுக்கும் தெரிகிறது. தெருவின் ஒவ்வொரு செங்கல்லும், மழையின் ஒவ்வொரு கோடும், எதிர்வீட்டு ஓடுகளின் வரிசையும் தனித்தனியாகத் தீட்டப்பட்டிருக்கின்றன. ஆனால் வாசலில் நிற்கும் பெண்ணைக் கண்டுபிடிக்க எனக்குச் சில நொடிகள் ஆயின. கதையில் அந்தக் கணம் அவளுடைய தயக்கத்தைப் பற்றியது. பக்கத்தில் இருப்பதோ செங்கல் சுவர். எல்லாவற்றுக்கும் ஒரே அழுத்தம் கொடுத்ததால் கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் அலைகிறது. பலமுறை அழித்து அழித்து வரைந்ததில் கோட்டின் உயிரும் குறைந்திருக்கிறது.

அவசரப் பக்கங்களும் இந்த ஐந்து வாரப் பக்கமும் தோற்றத்தில் எதிரெதிரானவை. ஆனாலும் அவை அனைத்துக்கும் பொதுவான ஒன்று உண்டு, அதை நீங்களே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள்: முடித்த இரவிலேயே ஏற்றினேன். என் பதில் முழுவதும் இந்த ஒரு வரியைச் சுற்றித்தான். நாள் குறித்து வெளியிடுவதா, குறிக்காமல் வெளியிடுவதா என்ற கேள்வியைவிட, வரைந்து முடித்ததற்கும் வெளியிடுவதற்கும் இடையில் எத்தனை நாள்கள் இருக்கின்றன என்பதுதான் உங்கள் பக்கத்தின் தரத்தை முடிவுசெய்கிறது. வரைந்து முடித்த இரவில் எந்த ஓவியராலும் தன் பக்கத்தைப் பார்க்க முடியாது. தான் வரைய நினைத்ததையும் பட்ட பாட்டையுமே அவர் பார்த்துக்கொண்டிருப்பார். மூன்று வாரம் கழித்து அதே பக்கத்தைத் திறந்தால் அது வேறொருவர் வரைந்ததைப் போலத் தெரியும், அப்போது கைகள் இல்லாதது முதல் பார்வையிலேயே உறுத்தும். செங்கல் சுவரும் உறுத்தும்.

இதை நான் என் சொந்த இழப்பிலிருந்து கற்றேன். என் முதல் நீண்ட தொடரை வாரத்துக்கு மூன்று பக்கங்கள் என்று தொடங்கி, நூறாவது பக்கத்தைத் தாண்டுவதற்குள் முந்தைய இரவில் முடித்து மறுநாள் காலையில் வெளியிடும் நிலைக்கு வந்துவிட்டேன். பின்னர் அதைப் புத்தகமாக்க உட்கார்ந்தபோது 40 பக்கங்களை மறுபடி வரைய வேண்டியிருந்தது. வரைகலையில் இருந்த குறைகள் நான் அஞ்சிய அளவுக்கு இல்லை. கதையில் இருந்த ஓட்டைகள்தான் என்னை வருத்தின. ஒரு பாத்திரம் முக்கியமான கடிதம் ஒன்றை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டுகிறது. அந்தக் கடிதத்தை அதன் பிறகு நான் அடியோடு மறந்துவிட்டிருந்தேன். இரண்டு வாரம் அந்தப் பக்கங்கள் என் மேசையிலேயே கிடந்திருந்தால், திரும்பப் படிக்கும்போது அது என் கண்ணில் பட்டிருக்கும். இந்த அனுபவத்தால் வெறுத்துப்போய் அடுத்த தொடருக்கு நாளே குறிக்காமல் விட்டேன். 14 மாதங்களில் 11 பக்கங்கள் வரைந்தேன். அவற்றையும் ஒவ்வொன்றாக, முடித்த மகிழ்ச்சியில், அன்றிரவே வெளியிட்டேன். அட்டவணை போய்விட்டது, அவசரம் மட்டும் என்னோடு தங்கிவிட்டது. நீங்கள் இப்போது எடுக்க நினைக்கும் முடிவைக் குறித்து எனக்குள்ள பெரிய கவலை இதுதான்.

செய்தித்தாள்களில் வந்த படத்தொடர்களை நினைத்துப் பாருங்கள். அவற்றைவிடக் கண்டிப்பான அட்டவணை எதுவும் இருந்ததில்லை. சார்லஸ் ஷூல்ஸ் 'பீநட்ஸ்' தொடரை 1950 அக்டோபரிலிருந்து 2000 பிப்ரவரி வரை, 17,897 படத்துண்டுகளாக, தன் கையாலேயே வரைந்தார். அவ்வளவு காலத்தில் அவர் எடுத்துக்கொண்ட ஓய்வு 1997இன் இறுதியில் ஐந்து வாரம் மட்டுமே. இதைக் கேட்டால் நாள்தோறும் விரட்டப்பட்ட ஒரு மனிதரின் சித்திரம்தான் நம் மனத்தில் எழும். ஆனால் அந்தத் தொடர்களுக்கு ஒரு விதி இருந்தது: படங்களைப் பல வாரங்களுக்கு முன்னதாகவே அனுப்பிவிட வேண்டும். ஷூல்ஸ் 2000 பிப்ரவரி 12 அன்று இரவு இறந்தார். அவருடைய கடைசி ஞாயிற்றுக்கிழமைப் படம் மறுநாள் காலை செய்தித்தாள்களில் வந்தது. வரைந்தவர் மறைந்த பிறகும் குறித்த நாளில் வந்து சேரும் அளவுக்கு அந்த இடைவெளி உறுதியானதாக இருந்தது. அச்சகமும் விநியோகமும் கட்டாயப்படுத்திய ஏற்பாடுதான் அது. ஆனாலும் வரைந்த பக்கம் சில நாள்கள் காத்திருந்தே தீர வேண்டும் என்ற நிலையை அது உண்டாக்கியது. இணையத்தில் வரைபவரே வெளியீட்டாளராகவும் ஆனபோது அந்தக் காத்திருப்பு முழுவதும் ஒரு பொத்தானுக்குள் சுருங்கிவிட்டது. நாம் செய்தித்தாள்களிடமிருந்து அட்டவணையை எடுத்துக்கொண்டோம். அதைத் தாங்கிய கையிருப்பை விட்டுவிட்டோம்.

இனி உங்கள் தோழி சொன்னதற்கு வருகிறேன். நாள் தவறினால் வாசகர் போய்விடுவார் என்பது பாதி உண்மைதான். ரிச் பர்லூவின் 'தி ஆர்டர் ஆஃப் தி ஸ்டிக்' 2003இலிருந்து வரும் இணையச் சித்திரக்கதை. குறித்த நாள் என்று அதற்கு நெடுங்காலமாகவே எதுவும் இல்லை. பக்கம் தயாராகும்போது வரும். ஆனாலும் அதன் அச்சுப் புத்தகங்களை மறுபதிப்பு செய்ய 2012இல் அவர் பொதுமக்களிடம் நிதி திரட்டியபோது 12 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு மேல் சேர்ந்தது. அதே ஆண்டில் கட்டைவிரலில் கடுமையான காயம் பட்டு அவரால் பல மாதங்கள் வரைய முடியவில்லை. அப்போதும் வாசகர்கள் காத்திருந்தார்கள். ஆகவே ஒழுங்கற்ற வெளியீடு ஒரு கதையைக் கொன்றுவிடும் என்று சொல்வது சரியில்லை. ஆனால் இந்த எடுத்துக்காட்டை அப்படியே உங்களுக்குப் பொருத்திவிடவும் கூடாது. அவருக்குப் பின்னால் ஒன்பது ஆண்டுகளில் சேர்ந்த பெருவாசகர் கூட்டம் இருந்தது. மேலும் அவருடைய பக்கங்கள் பெரும்பாலும் தமக்கென்று ஒரு முடிவும் ஒரு சிரிப்பும் கொண்டவை. ஒரு பக்கத்தைப் படித்தவருக்கு ஏதோ ஒன்று கிடைத்துவிடும்.

உங்கள் கதை அப்படிப்பட்டதன்று. அது மெதுவாக நகரும் கதை. ஒரு பார்வை, ஒரு கதவு, ஒரு மௌனம் என்று பக்கத்துக்குப் பக்கம் சேர்ந்துகொண்டே போவது. இரண்டு பக்கங்களுக்கு நடுவே எத்தனை நாள் ஆகும் என்று தெரியாமல் போனால், வாசகரின் நினைவில் அந்த மௌனம் அறுந்துவிடும். அடுத்த பக்கம் வந்து சேரும்போது, இவள் ஏன் வாசலில் நிற்கிறாள் என்பதே அவருக்கு மறந்திருக்கும். உங்கள் 146ஆம் பக்கத்துக்கு வரவேற்பு இல்லாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். மெதுவாக வருவதை வாசகர் பொறுத்துக்கொள்வார். எப்போது வரும் என்று தெரியாமல் இருப்பதைத்தான் அவரால் பொறுக்க முடியாது. புதுப் பக்கம் வந்ததும் தானாகத் தெரிவிக்கும் ஓடைகளும் மின்னஞ்சல்களும் இருக்கும்போது நாள் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். அந்த வசதிகள் வாசகரைத் தளத்துக்கு அழைத்து வரும் என்பது சரிதான், ஆனால் ஐந்து வாரத்துக்கு முன் படித்த கட்டத்தை அவருடைய மனத்தில் உயிரோடு வைத்திருக்க அவற்றால் முடியாது.

எனவே நாள் குறியுங்கள் என்பதுதான் என் பதில், ஆனால் செவ்வாயும் வெள்ளியும் வேண்டாம். அந்த அட்டவணையை வகுத்தபோது நீங்கள் வேலைக்குச் செல்லாதவராக இருந்தீர்கள். வாரத்துக்கு 30 மணி நேரம் உங்கள் கையில் இருந்தது. இன்று 14 மணி நேரம் இருக்கிறது. எட்டு மாதம் என்பது ஏறத்தாழ 35 வாரம்; 35 வாரத்தில் 490 மணி நேரம்; அதில் 31 பக்கங்கள். பக்கத்துக்குக் கிட்டத்தட்ட 16 மணி நேரம் ஆகிறது. உங்களை நீங்கள் கடிதத்தில் இரண்டு இடங்களில் சோம்பேறி என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள். கிடைத்த ஒவ்வொரு மணி நேரத்தையும் நீங்கள் மேசையில் செலவிட்டிருக்கிறீர்கள் என்பதைத்தான் இந்தக் கணக்கு காட்டுகிறது. வாரத்துக்கு இரண்டு பக்கம் என்பது 32 மணி நேர வேலை. அதை 14 மணி நேரத்தில் முடிக்க முயன்றபோதுதான் கைகள் கோட்டுப் பைக்குள் போயின.

நான் பரிந்துரைக்கும் ஏற்பாடு இது. கதையை 18 பக்க அத்தியாயங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரே கிழமையில், இரண்டு பக்கங்களைச் சேர்த்து வெளியிடுங்கள். வாரம் ஒரு பக்கம் என்பதும் இதுவும் உழைப்பில் சமம்தான், ஆனால் வாசிப்பில் பெரிய வேறுபாடு உண்டு. ஒற்றைப் பக்கத்தில் ஒரு காட்சி தொடங்க மட்டுமே முடியும். இரண்டு பக்கங்களில் ஒரு கேள்வி எழுந்து ஒரு பதிலுக்குத் திரும்ப முடியும். ஒரு அத்தியாயம் ஒன்பது தவணைகளாக 18 வாரம் ஓடும். அதன் பிறகு, முன்கூட்டியே அறிவித்து, ஐந்து வார இடைவெளி விடுங்கள். ஆக 23 வாரத்துக்கு ஒரு சுற்று. உங்களிடம் 322 மணி நேரம் இருக்கும். 18 பக்கங்களுக்குத் தேவை 288 மணி நேரம். மிஞ்சும் 34 மணி நேரம் காய்ச்சலுக்கும், அலுவலகத்தில் வேலை கூடும் வாரத்துக்கும், காத்திருக்கும் பக்கங்களைத் திருத்துவதற்கும். இந்த மிச்சத்தை இன்னொரு பக்கம் வரையப் பயன்படுத்தத் தோன்றும்; பயன்படுத்தாதீர்கள்.

ஆனால் இதை நாளையே தொடங்க முடியாது. முதலில் பத்துப் பக்கங்கள் கையிருப்பில் சேர வேண்டும். உங்கள் வேகத்தில் அதற்கு 12 வாரம் ஆகும். மூன்று மாதம் எதுவும் வெளியிடாமல் இருப்பது உங்களுக்கு அச்சமாக இருக்கும் என்று தெரியும், எனக்கும் இருந்தது. ஆனாலும் பத்துப் பக்கத்தோடு தொடங்கினால், அத்தியாயத்தின் ஒன்பதாம் தவணை வெளிவரும்போதுகூட ஆறு பக்கங்கள் மிச்சம் இருக்கும். ஐந்து வார இடைவெளி முடிந்து அடுத்த அத்தியாயத்தைத் தொடங்கும்போது அது 12ஆக ஏறியிருக்கும். அதாவது நீங்கள் வரையும் எந்தப் பக்கமும் வெளிவருவதற்கு முன் பல வாரங்கள் மேசையில் கிடக்கும். இருப்பு நான்கு பக்கத்துக்குக் கீழே இறங்கினால், அந்த வாரமே இடைவெளியை அறிவித்துவிடுங்கள். பூஜ்யத்துக்கு வரும்வரை காத்திருந்து பிறகு அறிவிப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அதற்குள் கடைசி நான்கு பக்கங்களும் அவசரப் பக்கங்களாகிவிட்டிருக்கும்.

அறிவித்து எடுக்கும் ஓய்வு வேலையை மேம்படுத்தவே செய்யும். 'கால்வின் அண்ட் ஹாப்ஸ்' என்ற செய்தித்தாள் படத்தொடரை வரைந்த பில் வாட்டர்சன் 1991 மே மாதத்திலிருந்து 1992 பிப்ரவரி வரையிலும், 1994இலும், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் ஓய்வெடுத்தார். முதல் ஓய்விலிருந்து திரும்பியபோது, தன் ஞாயிற்றுக்கிழமைப் படத்தைச் செய்தித்தாள்கள் விருப்பம்போல் வெட்டி அடுக்கக் கூடாது, அரைப்பக்கத்தை அப்படியே தர வேண்டும் என்ற ஏற்பாட்டோடு திரும்பினார். அதன் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கங்களில் கட்டங்களின் அமைப்பே மாறியது. ஒரு கட்டம் பக்கத்தின் பாதியை எடுத்துக்கொண்டது, இன்னொன்று சட்டமே இல்லாமல் நின்றது. அந்தத் துணிவு தினசரி ஓட்டத்தின் நடுவில் வந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. கொரியாவின் வெப்டூன் (இணையச் சித்திரக்கதை) தளங்கள் தொடர்களை வாரத்தின் கிழமைகளுக்கு ஏற்ப அடுக்கி வெளியிடுகின்றன, அங்கேயும் நீண்ட தொடர்கள் பருவங்களாகப் பிரிந்து, பருவத்துக்கும் பருவத்துக்கும் நடுவே ஓய்வு எடுத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது.

உடலைப் பற்றியும் ஒரு சொல். 'ஹன்டர் ஹன்டர்' என்ற ஜப்பானியச் சித்திரக்கதையை வரையும் யோஷிஹிரோ தொகாஷி 1998இல் வார இதழ் ஒன்றில் அந்தத் தொடரைத் தொடங்கினார். கடும் முதுகுவலியால் மீண்டும் மீண்டும் நிறுத்த வேண்டியதாயிற்று. 2018 இறுதியிலிருந்து 2022 அக்டோபர் வரை ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் ஒரு பக்கமும் வரவில்லை. பிறகு வார வெளியீடு என்ற முறையையே அந்தத் தொடர் கைவிட்டது. நீங்கள் அலுவலகத்தில் எட்டு மணி நேரம் அமர்ந்துவிட்டு, இரவில் டேப்லெட்டின் முன் மறுபடி அமர்கிறீர்கள். மணிக்கட்டு வலிப்பதாக ஒரே வரியில் எழுதிக் கடந்துவிட்டிருக்கிறீர்கள். அந்த வரியை நான் கடந்துபோக மாட்டேன். 12 வார இடைவெளியின் முதல் வாரத்தில் எதையும் வரையாதீர்கள்; வலி தொடர்ந்தால் அட்டவணையைத் திருத்துவதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள்.

ஐந்து வார இடைவெளியும் வேண்டாம், மாதம் முழுவதும் ஏதாவது வந்துகொண்டிருக்க வேண்டும் என்று நீங்கள் நினைத்தால், மாற்ற வேண்டியது பக்கத்தின் வடிவம். ரயன் நார்த் 2003இலிருந்து வெளியிடும் 'டைனோசர் காமிக்ஸ்' ஏறக்குறைய எல்லா வெளியீட்டிலும் அதே ஆறு கட்டப் படங்களையே வைத்துக்கொண்டு வசனத்தை மட்டும் மாற்றுகிறது. அடிக்கடி வெளியிட வேண்டும் என்று தீர்மானித்தவர் அதற்கேற்ற வடிவத்தைக் கண்டுபிடித்தார் என்றே அதை நான் பார்க்கிறேன். வசனத்தின் தரம் அங்கே குறையவில்லை. ஆனால் உங்கள் கதை விரல்களால் சொல்லப்படும் கதை. வண்ணத்தை இரண்டு தொனிகளாகக் குறைக்கலாம், பின்னணியை மூன்று கட்டத்துக்கு ஒருமுறை மட்டும் முழுமையாக வரையலாம். இவற்றால் பக்கத்துக்கு மூன்று மணி நேரம்வரை மிச்சமாகக்கூடும். கைகளில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

வாசகர்களுக்கான அறிவிப்பை நீண்ட மன்னிப்புக் கடிதமாக எழுத வேண்டாம். இப்படி எழுதினால் போதும்: "ஆறாம் அத்தியாயம் 151ஆம் பக்கத்தோடு முடிகிறது. ஏழாம் அத்தியாயத்தை வரைந்துகொண்டிருக்கிறேன். அது இந்தத் தேதியில் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, இரண்டிரண்டு பக்கங்களாக வெளிவரும்." தேதியை உங்கள் கணக்குக்கு இரண்டு வாரம் தள்ளியே குறியுங்கள். இந்த அறிவிப்பைத் தளத்தின் முகப்பில் வையுங்கள், கதைப் பக்கங்களின் வரிசைக்குள் வைக்காதீர்கள். காரணம் இருக்கிறது: இன்னும் மூன்று ஆண்டுகள் கழித்து உங்கள் கதையைக் கண்டடையும் வாசகர் முதல் பக்கத்திலிருந்து ஒரே இரவில் படித்துக்கொண்டு வருவார். எந்தப் பக்கம் செவ்வாயன்று வந்தது, எந்தப் பக்கம் ஐந்து வாரம் தாமதமானது என்று அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. 139ஆம் பக்கத்துக்கும் 140ஆம் பக்கத்துக்கும் நடுவே "இந்த வாரம் பக்கம் இல்லை, மன்னிக்கவும்" என்ற படம் இப்போது அவரைத் தடுத்து நிறுத்துகிறது. அப்படி ஐந்து படங்கள் உங்கள் வரிசையில் இருக்கின்றன. முதலில் அவற்றை எடுத்துவிடுங்கள். வாசகர்கள் மாதச் சந்தா செலுத்துகிறார்கள் என்றால் இந்த மூன்று மாதங்களுக்கு வசூலை நிறுத்திவையுங்கள், அல்லது வரைந்துகொண்டிருக்கும் பென்சில் நிலைப் பக்கங்களை அவர்களுக்கு மட்டும் காட்டுங்கள்; இரண்டில் எதைச் செய்தாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

காத்திருக்கும் பக்கத்தை எப்படிப் பார்ப்பது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் வெறுமனே கிடப்பதால் ஒரு பக்கம் திருந்திவிடாது. வெளியீட்டுக்கு ஒரு வாரம் முன்பு, வரைவதற்கு உட்காராத ஒரு நேரத்தில், பக்கத்தைக் கைப்பேசியில் திறங்கள். பெரும்பாலான வாசகர்கள் அதைப் பார்க்கப்போவது அந்த அளவில்தான். பலூன்கள் இருக்கும் அடுக்கை (லேயரை) மறைத்துவிட்டுப் பாருங்கள்: என்ன நடக்கிறது என்று தெரிகிறதா? பிறகு படத்தை மறைத்துப் பலூன்களை மட்டும் படியுங்கள்: படம் ஏற்கெனவே சொல்லிவிட்டதை எந்தப் பலூனாவது திரும்பச் சொல்கிறதா? பக்கத்தை இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். அந்த முக்கால் கோண முகத்தின் சாய்வு அப்போது தெரிந்துவிடும். இதற்கு முந்தைய பத்துப் பக்கங்களையும் சேர்த்து ஒரே மூச்சில் படியுங்கள். மறந்துபோன கடிதங்கள் இருந்தால் அகப்படும். இவ்வளவுக்கும் அரை மணி நேரம் போதும். திருத்தத்துக்கு ஒரு எல்லையும் வேண்டும்: ஒரு பக்கத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் திருத்த வேண்டாம். அதற்குமேல் போனால் நீங்கள் மறுபடி செங்கற்களை எண்ணத் தொடங்கிவிடுவீர்கள். பக்கத்தைத் தன்னிடமிருந்து விடுவித்துக்கொள்ளவும் ஓவியருக்கு ஒரு நாள் தேவைப்படுகிறது. குறித்த தேதியின் பெரிய நன்மை அதுவே என்று நான் கருதுகிறேன்.

அடிக்கடி, ஒழுங்காக வரைவதே கையைத் தேர்ச்சியாக்கும் என்ற வாதத்தையும் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது உண்மைதான். ஹோவர்ட் டெய்லர் 'ஷ்லாக் மெர்சினரி' என்ற இணையச் சித்திரக்கதைத் தொடரை 2000 ஜூனிலிருந்து 2020 ஜூலை வரை நாள்தோறும் வெளியிட்டார். அதன் தொடக்க ஆண்டுப் படங்களையும் கடைசி ஆண்டுப் படங்களையும் பார்ப்பவர், இரண்டையும் ஒரே கைதான் வரைந்ததா என்று வியப்பார். ஆனால் தேர்ச்சியைத் தருவது ஒழுங்காக வரைவது. அது உங்களுக்கு ஏற்கெனவே கைவந்திருக்கிறது. எட்டு மாதங்களாக ஒரு வாரமும் விடாமல் 14 மணி நேரம் உட்கார்ந்தவருக்கு மேசைக்கு வரும் பழக்கத்தைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த மணி நேரங்களை அப்படியே காப்பாற்றிக்கொள்ளுங்கள். வெளியீட்டு நாளை மட்டும் அவற்றிலிருந்து பிரித்து, தொலைவில் வையுங்கள்.

147 முதல் 151 வரையிலான ஐந்து பக்கங்களைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. அவற்றில் பெரிய குறை இல்லை. 150ஆம் பக்கத்தில் மழை நின்ற தெருவை அவள் கடக்கும் கட்டம் எனக்கு மிகவும் பிடித்தது. 146ஐ இப்போது தொட வேண்டாம். கதைத் திட்டத்தில் நீங்கள் குறித்திருப்பதன்படி, ஏழாம் அத்தியாயத்தின் முதல் பக்கத்தில் அவள் தன் ஆசிரியரின் பழைய சுவர்க்கடிகாரத்தை மேசைமேல் வைத்துத் திறக்கப்போகிறாள். 12 வாரத்தின் வேலையை அந்தப் பக்கத்திலிருந்தே தொடங்குங்கள். முதல் மூன்று நாள்கள் கட்டங்களைப் பிரிக்காமல், ஒரு தாளில் அவளுடைய இரண்டு கைகளை மட்டும் வரையுங்கள்: திருகாணியைத் தேடும்போது, மூடியைத் தூக்கும்போது, உள்ளே ஒன்றும் ஓடவில்லை என்று தெரிந்து நிற்கும்போது. அந்தத் தாளை எனக்கு அனுப்பினால் மகிழ்ச்சியோடு பார்ப்பேன்.

அன்புடன்.